கணினியில் ஒரு பெரட்டு



விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பழகிய குடும்பங்களுக்கு, நாம் இன்று சொல்லப்போகும் வரலாறு பாதி தெரிந்த வரலாறுதான். காலையில் துரை கிராணியிடம் என்ன சொல்வார்? "வெட்டுக்காரர்கள் எல்லாரும் இன்றைக்குப் பதினான்காம் நம்பர் காட்டுக்குப் போகட்டும்" என்பார். ஒவ்வொருவர் பெயராக அவர் சொல்வதில்லை. பெயர்கள் செக்ரோல் புத்தகத்தில் இருக்கின்றன. முதல் நாள் மாலையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து புதிதாகப் பதிந்துகொண்டவர் ஒருவர் இருந்தாலும் துரையின் கட்டளையில் ஓர் எழுத்துக்கூட மாறாது. கிராணியின் புத்தகத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவே. மறுநாள் அவரும் உளியும் வாளியுமாக வந்து வரிசையில் நிற்பார்.

இந்த ஏற்பாட்டைக் கணினிக்கு நிரல் எழுதுவோர் எப்படி வந்தடைந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு. இதைப் பேச வேண்டும் என்று நமக்குத் தோன்றக் காரணம் ஒரு தந்தை. ஜோகூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அவருடைய மகன் நம்மிடம் படித்து, மேலே படித்து, இன்று சிங்கப்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறான். ஒரு நாள் அவர் நம்மை வழிமறித்துக் கேட்டார்: "வாத்தியாரே, என்னதான் வேலை செய்யிறேன்னு கேட்டா, 'ஒரே மாதிரி சாமான எல்லாம் ஒண்ணாச் சேத்துக் குடுக்கறேம்பா'ங்கிறான். மளிகைக் கடையிலயா இருக்கான்?" நாம் சிரித்துவிட்டோம். பிறகுதான், இது சிரிக்கும் கேள்வி அன்று என்று பட்டது. பெற்றவர்களுக்குப் பிள்ளையின் தொழில் விளங்காமல் போவது ஒரு இழப்பு அல்லவா?

மளிகைக் கடையிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூருக்குப் போனவர்கள் எல்லாரும் தேக்காவை அறிவார்கள். சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் அந்தச் சந்தை முதலில் 1915இல் எழுந்தது. எருமைக்கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரால் அது அழைக்கப்பட்டது. 1982இல் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு இடம் மாறியது. அங்கே கடைகளில் கருவேப்பிலை, மல்லிகைச் சரம், அரிசி மூட்டை, மருந்துத் தைலம், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்தோ பறந்தோ வருபவை. ஒவ்வொன்றும் நாட்டுக்குள் நுழையும்போது யாராவது ஒரு அதிகாரி பார்த்து, சரி என்று சொல்லியாக வேண்டும். உணவை ஒருவர், மருந்தை ஒருவர், செடியையும் விலங்கையும் ஒருவர் என்று பார்வையாளர்கள் வேறு வேறு. ஆனால் எல்லாரும் செய்யும் வேலை ஒரே வகையானது: தாளைப் பார், அனுமதி கொடு அல்லது மறு.

1980களின் நடுப்பகுதி வரை இந்த அனுமதிகளுக்காக வணிகரின் ஆட்கள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். எந்தச் சரக்குக்கு எந்த வாசல் என்று வணிகரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு வாசலை மறந்தால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். சரக்கைப் பொறுத்து 3 முதல் 35 ஆவணங்கள் வரை வேண்டியிருந்தன என்றும், அனுமதி கிடைக்க 2 முதல் 7 நாள் வரை ஆயிற்று என்றும் சிங்கப்பூர் அரசுத் தரப்புக் கணக்குகள் சொல்கின்றன. 1985இல் அந்த நாட்டைப் பொருளாதாரத் தேக்கம் பிடித்தது. வணிகத்தையே நம்பி வாழும் ஊருக்கு இந்த நாள்கணக்கு பெரிய சுமையாகத் தெரிந்தது. 1981இலேயே தேசியக் கணினி வாரியத்தை அமைத்துவிட்ட அரசு, இதற்கும் கணினியையே நாடியது. 1989 ஜனவரி 1ஆம் நாள் டிரேட்நெட் என்ற வலையமைப்பு இயங்கத் தொடங்கியது.

டிரேட்நெட் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். வணிகர் ஒரே ஒரு மின்படிவம் அனுப்பினால் போதும். அந்தச் சரக்கை யார் யார் பார்க்க வேண்டுமோ அவர்களிடம் அதைக் கொண்டு சேர்ப்பது வலையமைப்பின் பொறுப்பு. பல நாள் வேலை பெரும்பாலான படிவங்களுக்குப் பத்து நிமிட வேலை ஆயிற்று. வேகத்தைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். நமக்கோ அதைவிட இன்னொன்று பெரிதாகப் படுகிறது. பார்வையாளர்களின் பட்டியல் வணிகரின் தலையிலிருந்து இறங்கி, நடுவில் ஓர் இடத்துக்குப் போயிற்று.

அதன் பயன் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 2001இல் சுகாதார அறிவியல் ஆணையம் என்ற புதிய அமைப்பு பிறந்து மருந்துகளைப் பார்க்கத் தொடங்கியது. 2019 ஏப்ரலில் பழைய வேளாண் உணவு, கால்நடை ஆணையம் கலைக்கப்பட்டது. உணவைப் பார்க்கும் வேலை சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும், செடி, விலங்கு வேலை தேசியப் பூங்காக் கழகத்துக்கும் போயின. பழைய நாளாக இருந்தால் தேக்காக் கடைக்காரரின் ஆள் புதிய அலுவலகத்தின் வாசலைத் தேடித் தெருவில் நின்றிருப்பார். இப்போதோ அவர் முன்போல டிரேட்நெட் வழியாகவே விண்ணப்பம் அனுப்பினார்.

இனி நிரலுக்கு வருவோம். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு. பெரிய நிரலைப் பல உறுப்புகளாகப் பிரித்து எழுதுவார்கள். ஓர் உறுப்பு தன் வேலையைச் செய்ய இன்னோர் உறுப்பு தேவைப்படும். சரக்கை அனுமதிக்கும் தலைமை உறுப்புக்கு உணவுச் சோதகர், மருந்துச் சோதகர், விலங்குச் சோதகர் என்ற மூன்று உறுப்புகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது நம் விளக்கத்துக்காக நாமே கட்டிய உதாரணம். டிரேட்நெட்டின் உள்ளே இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. வழக்கமான முறையில் தலைமை உறுப்பே அந்த மூன்றையும் தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும். துரையே லயத்துக்கு நடந்து, கதவைத் தட்டி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒரு சோதகர் வேண்டுமென்றால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் தலைமை உறுப்பைத் திறந்து அறுவை செய்ய வேண்டும். அறுத்த இடத்தில் பிழை நுழையும். பழையது எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இதிலிருந்து மீளும் வழிக்கு உலகமெங்கும் பலர் பாடுபட்டார்கள். அவர்களில் ராட் ஜான்சன் என்ற ஆஸ்திரேலியரை மட்டும் இங்கே குறிப்போம். ஜாவா என்ற கணினி மொழியில் பெரிய நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் முறை அப்போது மிகச் சுமையாக இருந்தது. 2002இல் அவர் அதைக் குறை கூறி ஒரு தடித்த நூல் எழுதினார். வெறுமனே குறை கூறாமல், தாம் சொல்லும் மாற்று வழியை ஆயிரக்கணக்கான வரி நிரலாகவே எழுதிச் சேர்த்தார். அதைப் படித்தவர்களில் சிலர், இதை எல்லாரும் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக ஆக்கலாமே என்றார்கள். 2003இல் அது ஸ்பிரிங் என்ற பெயரில் வெளிவந்தது. பழைய முறை என்ற குளிர்காலத்துக்குப் பின் வந்த வசந்தம் என்று பொருள்படும்படி அந்தப் பெயரை வைத்தார்களாம். சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சிக்கும் வசந்தம் என்றே பெயர். இரண்டுக்கும் உறவில்லை, ஆனாலும் பிள்ளைகளுக்குப் பெயர் நினைவில் நிற்க இது உதவும்.

ஸ்பிரிங் செய்தது துரைக்கு ஒரு கிராணியைக் கொடுத்தது போன்றது. எந்த உறுப்பும் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போக வேண்டாம். எனக்கு இன்னது வேண்டும் என்று வாசலில் எழுதி வைத்தால் போதும். கன்டெய்னர் என்று அவர்கள் அழைக்கும் நடு அமைப்பு அதை உண்டாக்கி, வெளியிலிருந்து கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும். 2004 ஜனவரியில் மார்ட்டின் பவுலர் என்பவர் ஒரு கட்டுரை எழுதி, இந்த முறைக்கு டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை நிலைநாட்டினார். சார்ந்திருப்பதை உள்ளே செலுத்துதல் என்று பொருள். நாம் 'வேண்டியதை வெளியிலிருந்து ஊட்டுதல்' என்று சொல்லிக்கொள்வோம்.

கன்டெய்னர் என்றதும் உங்களில் பலருக்குத் துறைமுகத்துப் பெட்டி நினைவுக்கு வந்திருக்கும். சிங்கப்பூரில் முதல் கொள்கலக் கப்பல் 1972 ஜூனில் தஞ்சோங் பகார்த் துறையில் வந்து நின்றது. அதற்கு முன் மூட்டை, பீப்பாய், கூடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமான தூக்கல். கொள்கலத்துக்குள் தேயிலை இருந்தாலும் சரி, ரப்பர் இருந்தாலும் சரி, பாரந்தூக்கிக்குக் கவலையில்லை. நான்கு மேல்மூலைகளிலும் பூட்டு மாட்டும் துளை ஒரே அளவில் இருந்தால் போதும். நிரல் எழுதுவோர் 'ஒரே இனம்' என்று சொல்லும்போது இந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். உள்ளே வேறு வேறாக இருக்கலாம். பிடித்துத் தூக்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த 'ஒரே இனம்' என்ற சொல் நம் காதில் சற்று உறுத்தும். நம் முன்னோரும் ஒரு காலத்தில் இனமாகவே எண்ணப்பட்டார்கள். முதலில் ஒவ்வொரு தோட்டமும் தன் கங்காணியைத் தமிழகத்துக் கிராமங்களுக்கு அனுப்பி ஆள் சேர்த்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற பொது நிதி ஏற்பட்டது. முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட, கப்பல் செலவை நிதி ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் கூலி என்ற ஒரே சொல்லின் கீழ் எண்ணிக்கையாக வந்து இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசு அந்த உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இது நடந்தது. நிரல் உறுப்பை எண்ணிக்கையாக நடத்தினால் அதற்கு வலிக்காது. மனிதருக்கு வலித்தது. இந்த வேற்றுமையைச் சொல்லாமல் மேலே போக நமக்கு மனம் வரவில்லை.

மேலே போவோம். ஒன்று வேண்டும் என்றால் ஒன்றைக் கொடுப்பது எளிது. ஒரே இனத்தில் இருப்பவை எல்லாம் வேண்டும் என்றால் எப்படி? தொடக்க கால ஸ்பிரிங்கில் அதற்கும் வழி இருந்தது, ஆனால் கைவேலை. தனியாக ஒரு கோப்பில் உணவுச் சோதகர், மருந்துச் சோதகர், விலங்குச் சோதகர் என்று ஒவ்வொரு பெயராக எழுதிப் பட்டியல் கட்ட வேண்டும். நான்காவது சோதகரை எழுதியவர் பட்டியலில் பெயர் சேர்க்க மறந்தால், அந்தச் சோதகர் பிறந்தும் வேலைக்கு வரமாட்டார். யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

பட்டியலில் பெயர் விடுபடுவது என்றால் என்ன என்று நமக்கு ஒரு நாள் தெரிந்தது. நாம் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பையும் சீருடையும் உதவியாக வரும். அதற்கான பட்டியலை ஜனவரியில் கையால் எழுதி வைத்திருந்தோம். மார்ச்சில் வேறு தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான்காம் ஆண்டில் அவர்கள் மகள் சேர்ந்தாள். வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. தினமும் வருகை அழைத்தது நாமேதான். உதவி வழங்கிய நாளில் பெயர்கள் வாசித்து முடித்தபின் எல்லாரும் இடத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் கையை நீட்டியபடி மேடை ஓரத்தில் நின்றாள். யாரும் அவளை வேண்டுமென்று விடவில்லை. நம்மிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன, ஒன்றுதான் வளர்ந்தது. பை பிறகு வாங்கிக் கொடுத்தோம். அவள் நின்ற நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 'நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும்' என்று வகுப்புப் பதிவேட்டிலிருந்தே அன்று காலையில் எடுத்திருந்தால் அவள் பெயரும் வந்திருக்கும்.

நிரலில் அப்படி எடுக்க ஒரு தடை இருந்தது. ஜாவா மொழியில் பட்டியல் என்றால் வெறும் பட்டியல். அதற்குள் எந்த இனம் இருக்கும் என்று எழுதிச் சொல்ல வழியில்லை. 'எனக்கு ஒரு பட்டியல் வேண்டும்' என்று மட்டும் துரை சொன்னால் கிராணி யாரை அனுப்புவார்? 2004 செப்டம்பரில் வந்த ஜாவா ஐந்தாம் பதிப்பு இந்தத் தடையை நீக்கியது. 'சோதகர்களின் பட்டியல்' என்று இனத்தோடு சேர்த்து எழுத முடிந்தது. உறுப்புகளின் தலையில் சிறு குறிப்புச் சீட்டு ஒட்டும் வசதியும் அதோடு வந்தது. இவ்விரண்டையும் பயன்படுத்தி 2007 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 2.5ஆம் பதிப்பு, பெரட்டு முறையைச் சாத்தியமாக்கியது. தலைமை உறுப்பு தன் வாசலில் 'சோதகர்களின் பட்டியல் வேண்டும்' என்று எழுதுகிறது. கன்டெய்னர் தன்னிடம் பதிந்துள்ள சோதகர் அனைவரையும் திரட்டி ஒரே கட்டாக ஊட்டுகிறது. நான்காவது சோதகரை எழுதியவர், 'இதுவும் ஓர் உறுப்பு' என்ற சீட்டை ஒட்டினால் போதும். தலைமை உறுப்பைத் தொட வேண்டாம். பெயர்களோடு சேர்த்து வேண்டுமென்றாலும் கிடைக்கும், செக்ரோலில் பெயரும் ஆளும் எதிரெதிரே இருப்பது போல. அதே 2007இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கைஸ் என்ற மற்றொரு அமைப்பும், ஒரே இனத்து உறுப்புகளைக் கூட்டாகத் திரட்டித் தரும் வசதியைத் தன் வழியில் கொண்டுவந்தது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. பெரட்டிலும் தகராறு உண்டு அல்லவா?

'ஒரு வெட்டுக்காரரை அனுப்பு' என்று சொல்லும்போது களத்தில் இருவர் நின்றால்? ஸ்பிரிங் தானாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காது; நிரலைத் தொடங்கவே மறுத்து, இருவர் இருக்கிறார்கள், யார் என்று சொல் எனக் கேட்கும். ஒருவரை முதன்மையானவர் என்று குறிக்கலாம், அல்லது பெயர் சொல்லிக் கேட்கலாம். இந்த மறுப்பு நல்லதே. தவறு வேலை நேரத்தில் வெடிப்பதைவிடக் காலையிலேயே தெரிவது மேல்.

வரிசை இன்னொரு தகராறு. திரட்டி வந்தவர்கள் எந்த ஒழுங்கில் நிற்பார்கள் என்பதைத் தொடக்கத்தில் நம்ப முடியாது. விலை மலிவான சோதனையை முதலில் செய்து, செலவு மிக்கதைக் கடைசியில் செய்ய வேண்டுமென்றால் வரிசை முக்கியம். 2013 டிசம்பரில் வந்த ஸ்பிரிங் நான்காம் பதிப்பிலிருந்து, உறுப்பின் தலையில் எண் எழுதி வைத்தால் அந்த எண்படி வரிசை நிற்கும்.

இவற்றையெல்லாம்விட நாம் அஞ்சுவது வெறும் பட்டியலை. பட்டியலில் உள்ள சோதகர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் சரக்கை விடு என்பது தலைமை உறுப்பின் கட்டளை. ஏதோ பிழையால் ஒரு சோதகரும் பதியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மறுக்க ஆளில்லை. ஆகவே எல்லாச் சரக்கும் தேறிவிடும்! காவலர் வராத நாளில் வாசல் திறந்து கிடப்பது போன்றது இது. ஓசையே இராது. திரையில் பிழை என்று ஒரு வரிகூட வராது. இந்த இடத்தில் அமைப்புக்கு அமைப்பு குணம் வேறு. ஸ்பிரிங், ஓர் உறுப்பும் கிடைக்காவிட்டால் வழக்கமாக நிரலைத் தொடங்க மறுக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாட்நெட் கோர் 2016இல் தன் சொந்த ஊட்டும் அமைப்போடு வந்தது; அதில் எல்லாரும் வேண்டும் என்று கேட்டு, யாரும் இல்லாவிட்டால், வெறும் பட்டியலையே அமைதியாகக் கையில் கொடுத்துவிடும். எண்ணிப் பார்ப்பது எழுதியவர் பொறுப்பு. எது சிறந்தது என்று நிரலாளர்கள் வாதிடலாம். வாசலில் காவல் என்றால், ஆளில்லாதபோது கத்தும் அமைப்பே நமக்குப் பிடித்தது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சோதித்துப் பழகுவதற்காக ஒருவர் எழுதிய விளையாட்டு உறுப்பு, சீட்டு ஒட்டியபடியே விடுபட்டுப்போனால் அதுவும் திரண்டு வந்து வரிசையில் நிற்கும். அழைத்தவருக்கு அது தெரியாது. பெயர் சொல்லி அழைக்காததன் விலை அது.

சென்ற மாதம் அந்தத் தந்தையை மறுபடி கண்டோம். தேநீர்க் கடையில் உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னோம். மளிகைக் கடை இல்லை, பெரட்டுக் களம் என்றோம். மகன் எழுதுவது ஒரு சோதகரை. மற்றவர் எழுதியதைத் தொடாமல் அதை வரிசையில் சேர்ப்பது அவன் வேலை என்றோம். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அது சரி வாத்தியாரே. அந்தச் செக்ரோல யாரு பாக்குறா? ராத்திரி யாராச்சும் ஒரு பேர அடிச்சுட்டா, காலையில யாருக்குத் தெரியும்?"

நாற்பது ஆண்டு பெரட்டில் நின்றவரின் கேள்வி அது. எத்தனை சோதகர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எண்ணிப் பார்த்துக் குறித்து வைக்கும்படி நிரல் எழுதலாம் என்றோம். மகன் அப்படி எழுதியிருக்கிறானா என்று கேட்டார். அதை அவனிடம்தான் கேட்க வேண்டும் என்றோம். ஞாயிற்றுக்கிழமை வருவான், கேட்டுவிடுகிறேன் என்று சொல்லி எழுந்தார்.